கனாதேயின் இடது கை

கனாதே ஒகிஷிமா முப்பத்தொரு வயதுவரை பெஞ்சில் உட்கார்ந்தே கால்பந்து ஆடியவள். ஜப்பானில் பதின்மூன்று வருடங்கள், மூன்று கிளப்புகள், எல்லாவற்றிலும் இரண்டாவது கோல்கீப்பர். தேசிய அணிக்கு ஒருமுறை அழைத்தார்கள். அங்கேயும் முழங்கால்வரை நீண்ட குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பினாள். ஆக்லாந்துக்கு வந்த பிறகுதான் வாராவாரம் கம்பங்களுக்கு நடுவே நின்றாள். முதல் பருவத்திலேயே ஐந்து பெனால்டிகளைத் தடுத்தாள். பெனால்டியில் தான் பந்தைப் பார்ப்பதே இல்லை என்று ஒருநாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். உதைக்கிறவள் கடைசி நொடியில் மூச்சை அடக்குவாள். அப்போது பாய்ந்தால் போதும்.

இப்போது அவளுக்கு முப்பத்துநான்கு. இன்னொரு வருடத்துக்கு ஒப்பந்தம் போடக் கிளப் தயாராக இருந்தது. மருத்துவத் தாளில் ஃபிசியோ கையெழுத்திட வேண்டும். அந்த ஃபிசியோ நான். இரண்டு வருடங்களுக்கு முன் கம்பத்தில் மோதி அவளது இடது முழங்கை நரம்பு நசுங்கியது. அறுவைச் சிகிச்சை நடந்தது. போன வருடம் நான் செய்த தொடு பரிசோதனையில் பத்துக்குப் பத்தும் சரியாகச் சொன்னாள். கையெழுத்துப் போட்டேன்.

இந்த வருடப் பரிசோதனைக்கு முதல் நாள், உடுப்புக் கழுவும் அறைக்கு ஏர்னஸ்ட் அண்ணை என்னைக் கூப்பிட்டார். மன்னார்க்காரர், அணியின் உடுப்பும் சப்பாத்தும் அவர் பொறுப்பு. கோல்கீப்பர்கள் தங்கள் கையுறைகளைத் தாங்களே கழுவுவார்கள், வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்கள். பழசானதும் கனாதே அவரிடம் கொடுத்துவிடுவாள், பயிற்சிக்கு வரும் சிறுமிகளுக்காக. அப்படிச் சேர்ந்த ஆறு சோடிகளை அவர் உலர்த்தியின் மேல் பரப்பி வைத்திருந்தார். வலது உள்ளங்கைகள் எல்லாம் பிய்ந்து பஞ்சு தெரிந்தது. இடதுகள் அன்றுதான் கடையில் வாங்கியதுபோல இருந்தன.

"ஒத்தைக் கையால பந்து பிடிக்கிறவை சர்க்கஸிலதான் இருக்கினம், பிள்ளை," என்றார். "பாரும். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். அணி தோற்றிருந்தால் சொல்லியிருப்பாராம்.

மறுநாள் காலை மழை. கனாதே குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்களை மூடச் சொன்னேன். விரல் நுனியில் மெல்லிய நைலான் இழை படும்போதெல்லாம் "ஆம்" சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வலது கையை முடித்தேன். ஒரு பிழையும் இல்லை.

இடது சுண்டுவிரலுக்கு மேலே இழையைப் பிடித்தேன். மூச்சை அடக்கினேன். தொடவில்லை.

"ஆம்," என்றாள்.

மறுபடி அடக்கினேன். மறுபடி ஆம். ஏழு தடவை மூச்சை அடக்கினேன், ஏழு தடவையும் ஆம் வந்தது. பிறகு சாதாரணமாக மூச்சுவிட்டபடி, பரிசோதனை ஊசியை எடுத்து அதே விரலில் அழுத்தினேன். சிவப்பாக ஒரு புள்ளி தெரியும்வரை அழுத்தினேன். அவள் அமைதியாக அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

முடிந்துவிட்டது என்றேன். கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"முன்னால் செய்த ஏழும்?"

"தொடவில்லை."

தலையை ஆட்டினாள். "நல்ல பெனால்டி."

போன வருடமும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"போன வருடம் உங்களுக்குத் தடிமன், மூக்கடைப்பு. மூச்சு பெரிதாகக் கேட்டது. சுலபமாக இருந்தது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. விரல் உடைந்தாலும் உனக்குத் தெரியாது என்றேன். பந்தை வலது கையாலும் நெஞ்சாலும் பிடிக்கலாம், இந்தப் பருவத்தில் பதினாறு போட்டிகளை அப்படித்தான் முடித்தேன் என்றாள். கெஞ்சவில்லை. புள்ளிவிவரம் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு, இந்த நரம்பு திரும்பி வருமா என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் வராதது இனி வராது என்றேன்.

தாளில் "தகுதி இல்லை" என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். கீழே விளையாட்டு வீராங்கனையும் கையெழுத்திட வேண்டும். பேனாவை வாங்கி, தன் மொழியில் நாலு எழுத்துகளை அவசரமில்லாமல் எழுதினாள்.

"மேனேஜரிடம் நானே சொல்லட்டுமா?"

"சொல்," என்றேன்.

எழுந்து எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். போன வருடம் நான் கையெழுத்துப் போட்டபோதும் இதே அளவுதான் குனிந்தாள்.

மேனேஜரின் அறை அடுத்தது, சுவர் மெல்லியது. முதலில் அவர் ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தார். அவள் குரல் ஒரே உயரத்தில் சிறிது நேரம் போனது. நான் ஊசியை அதற்கான பெட்டியில் போட்டேன். கைகளைக் கழுவினேன். தண்ணீர் சூடா குளிரா என்று கவனிக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. அடுத்த ஆட்டக்காரி, வீங்கிய கணுக்காலோடு. உள்ளே வரச் சொல்லி, புதிய தாளில் அவள் பெயரை எழுதத் தொடங்கினேன்.