கட்-அவுட்டுக்கு ஒரு மொட்டை

என் மகள் நாச்சியாரின் முதல் முடி பேச்சியம்மனுக்குத்தான். கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, "தாயே, பிள்ளயக் காப்பாத்து. செண்பகத்தோப்புக் கோயிலுக்கு வந்து மொட்ட போடுதேன்" என்று நேர்ந்துகொண்டவள் நான். அந்நேரம் என் வீட்டுக்காரர் தியேட்டர் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து என்று அந்த ஆத்தா பெயரையே வைத்திருக்கிற மனுசன்!

ராஜபாளையத்தில் அவர் ரசிகர் மன்றச் செயலாளர். எண்பத்தாறில் தலைவர் படம் நூறாவது நாளைத் தொட்ட அன்று, காலை ஷிப்ட் முடிந்து மில்லை விட்டு வெளியே வந்தேன். கேட்டிலேயே பக்கத்து வீட்டு குருவம்மாள் மதினி மூச்சிரைக்க நின்றாள்.

"ஏட்டி செல்லத்தாயி, ஒம் பிள்ளைக்குத் தியேட்டர் வாசல்ல மொட்ட போடப் போறாவ! படம் நூறு நாள் ஓடுனா முடி எறக்குறேன்னு ஒம் புருசன் கட்-அவுட்டுக்கு நேந்திருந்தாராம்!"

எனக்கு உச்சி கொதித்தது. நானும் சினிமாப் பைத்தியம்தான். படத்தில் தாய் செத்தால் முந்தானை நனைய அழுவேன். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைப்பேன். அதற்காக நடிகன் அட்டைக்கா முதல் முடி?

தியேட்டர் வாசலில் மேளம் காதைக் கிழித்தது. கட்-அவுட்டுக்கு அடியில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவன் யார் தெரியுமா? என் கூடப்பிறந்த தம்பி தவசிமுத்து! தாய்மாமன் மடி இல்லாமல் எங்களில் முதல் முடி இறக்கமாட்டார்கள். அவனையும் மயக்கிவிட்டார். நாவிதர் பிள்ளையின் தலையில் தண்ணீர் தடவ, அது வீறிட்டு அழுதது.

"கத்தியக் கீழ வையிங்கண்ணே!" என்றேன்.

மேளம் நின்றது. "ஏட்டி, மானத்த வாங்காத. நேந்தாச்சு, தெய்வக் குத்தமாயிரும்" என்றார் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர்.

"எந்தத் தெய்வம்? பிள்ள காய்ச்சல்ல கெடக்கையில இந்த அட்டச் சாமியா வந்துச்சு? நேந்தது நீங்கதான? ஒங்க தலையக் குடுங்க. உக்காருங்க!"

"அக்கா சொல்றது நியாயந்தான, செயலாளரே" என்றான் கூட்டத்தில் ஒருவன். நாவிதரும் அவரைத்தான் பார்த்தார்.

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. தலைவர் மாதிரியே நெற்றியில் சுருட்டிவிட்ட முடி.

"அதெப்படி... சாயங்காலம் விழாவுல மேடையேறணும்லா. மொட்டத் தலையோட எப்படி நிக்க?"

தம்பி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றான்.

"அப்ப எங்க பிள்ள முடி மட்டும் மயிரா, மச்சான்?"