இரண்டாவது மேடு

“பத்தாவது மீட்டர், எழுபத்தொண்ணு சென்டி,” என்றார் அவர். முளைகளுக்கு இடையே இழுத்துக் கட்டிய கயிற்றிலிருந்து தரைவரை டேப்பைத் தொங்கவிட்டு, சட்டைப்பையில் இருந்த போனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

வீட்டில் கட்டிலருகே உட்கார்ந்து மகள் எழுதிக்கொண்டாள்.

“டிரைவர் சார், டேப் நேரா இருக்கா?” என்றாள் கட்டிலில் படுத்திருந்த மனைவி. குரல் கம்மியிருந்தது.

“இருக்குங்க மேடம்.”

புல்வெளிகளில் பழைய தோட்டங்களின் தடம் தேடுவது அவள் வேலை. ஆபீஸ் வேனை ஓட்ட வந்து, அவளுக்காக டேப்பின் மறுமுனையைப் பிடித்து, கடைசியில் அவளையே கட்டிக்கொண்டவர் அவர். போன வருடம் இந்தப் புல்வெளியில் நீளமாக ஒரு மேட்டைக் கண்டுபிடித்தாள். தோட்டத்து நடைபாதை என்றாள். வாய்க்கால் கரை என்றது ஆபீஸ். எதிர்ப்பக்கமும் அதேபோல் ஒரு மேடு இருந்தால் அவள் சொன்னதுதான் சரி. அதை அளப்பதற்குள் படுத்துவிட்டாள். நாளை நிலத்தைச் சமப்படுத்த டிராக்டர் வருகிறது.

இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் நர்ஸ் சொன்னதும் கணவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. “இங்க உக்காந்து என் மூச்சையா எண்ணப் போறீங்க? போய் அளந்துட்டு வாங்க” என்று அவள்தான் விரட்டினாள்.

“பதினாலு, அறுபத்தெட்டு.”

“தரை ஏறுது,” என்றாள். “விடாதீங்க.”

“பதினஞ்சு, அம்பத்தஞ்சு.”

போனைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, அடுத்த மீட்டருக்கு நகர்ந்தார்.

“பதினாறு, நாப்பத்திரெண்டு.”

“எழுதிட்டேன்ப்பா,” என்றாள் மகள்.

பதினேழாவது மீட்டரில் டேப் முப்பத்தொன்று காட்டியது. அவள் சொன்ன மேடு இருந்தது. அதன்மேல்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“பதினேழு, தொண்ணூறு,” என்றார்.

தரை ஏறினால் எண் குறையணுமே, எப்படித் தொண்ணூறு வரும் என்று அவள் கத்தியிருக்க வேண்டும். முப்பது வருடத்தில் தப்பான ஓர் எண்ணை அவள் விட்டதே இல்லை.

“தொண்ணூறு,” என்றாள் மகள்.

அவர் காத்திருந்தார். போனில் யாரோ நாற்காலியை மெதுவாக நகர்த்தும் சத்தம் கேட்டது.

“அப்பா... வந்துடுங்கப்பா.”

“அதை அடிச்சிடும்மா. முப்பத்தொண்ணுன்னு போடு.”

கயிற்றில் மீதியிருந்த தூரத்தைப் பார்த்தார்.

“இன்னும் நாலு மீட்டர்தான் இருக்கு.”

ஒரு மீட்டர் தள்ளிப் போய் டேப்பை இறக்கினார். மறுமுனையில் மகள் பென்சிலை எடுக்கும் சத்தம் கேட்கும்வரை எண்ணைச் சொல்லவில்லை.