தினேஸ்வரியின் வாடகை வயலின்

வாடகை என்ற சொல்லைக் கேட்டாலே சுகுமாரனுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவன். அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடத் தோட்டக் கணக்குப்பிள்ளையான கிராணியைக் கேட்க வேண்டும். தோட்டத்தை விற்றார்கள், வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், அவ்வளவுதான் கதை. லாரியில் சாமான் ஏறியபோது, இனி அடுத்தவன் பொருளில் பிழைப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிவெடுத்தான். லேசுப்பட்ட முடிவா அது? ஜெலாப்பாங்கில் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது, விருந்துக்கு நாற்காலிகளை வாடகைக்கு எடுக்கலாம் என்று மனைவி நவமணி சொன்னாள். மனிதன் போய் மொத்தத்தையும் விலைக்கே வாங்கி வந்துவிட்டான். இன்று அந்தத் தாமான் குடியிருப்பில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் நாற்காலி அங்கிருந்துதான் போகிறது. வாடகை வாங்கவும் மாட்டான், அதுவும் பாவமாம்.

இன்னொரு கொள்கையும் உண்டு. வளர்கிற பிள்ளைக்கு எதையும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்க வேண்டும். இது நம் சனம் முழுக்கச் செய்வதுதான், அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. மகள் தினேஸ்வரியின் சப்பாத்தில் பள்ளி திறக்கும்போது பஞ்சு இருக்கும். ஆண்டுக் கடைசியில் அதே சப்பாத்தில் கால்விரல் இடிக்கும். கணக்கு சரியாகிவிடும்.

அந்த தினேஸ்வரிக்கு எட்டு வயதில் வயலின் பைத்தியம் பிடித்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் வயலின் வாசித்தவர் எதிரிலேயே, பந்தியில் உட்காரக்கூட வராமல், வாய் பிளந்து நின்றாள். சுகுமாரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறு வாரமே ஈப்போவில் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வெரோனிகா டீச்சரிடம் சேர்த்தான். சின்ன வயலின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வரச் சொன்னார் டீச்சர். அவன் காதில் விழ வேண்டியது மட்டும் விழுந்தது.

இசைக்கருவிக் கடையில் வேலை செய்யும் கால்வின், தினேஸ்வரியின் இடது கையை நீட்டச் சொல்லி, ஒவ்வொரு வயலினாக அவள் தோளில் வைத்துப் பார்த்தான்.

"நுனியில சுருளா இருக்குல்ல, அது உள்ளங்கைக்குள்ள வரணும்ண்ணே. இவளுக்கு அரை சைஸ்தான் சரி. சின்னதெல்லாம் சேவாவுக்கு, வாடகைக்குத்தான் குடுக்குறோம். வளர வளர மாத்திக்கலாம்."

"சேவாவா? என் புள்ளைக்கா?" சுகுமாரனின் குரல் கடை வாசல் வரை போனது. "இருக்குறதுலயே பெருசா ஒண்ணு எடு தம்பி. ஒரே தடவையா வாங்கிட்டா கல்யாணம் வரைக்கும் வாசிப்பா."

கால்வின் தலையைச் சொறிந்தான். வேறென்ன செய்வான், பாவம்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் நவமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "என்னாங்க இது, குருவி தலையில பனங்காய வச்ச மாதிரி?"

"வளர்ற புள்ளலா. ஒனக்கு என்னா தெரியும்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் டீச்சர் வீட்டில் முயல் நொண்டியது. பெரிய வயலினைத் தோளில் ஏற்றிய தினேஸ்வரியின் கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. எக்கினாள், உதட்டைக் கடித்தாள், தோள் காது வரை ஏறியது. "எட்டுதுப்பா, கிட்டத்தட்ட எட்டுது" என்று சிரிக்கவும் பார்த்தாள்.

"டீச்சர், சப்பாத்துக்குப் பஞ்சு வைக்கிற மாதிரி இதுக்கு ஏதாச்சும் வைக்க முடியாதா?"

வெரோனிகா சிரிக்கவில்லை. "கைக்குப் பஞ்சு வைக்க முடியாதுண்ணே. இதுல பழகுனா மணிக்கட்டு கெட்டுப்போயிரும். சின்னது எடுத்துட்டு வாங்க, சொல்லித் தாரேன். இதுல நான் சொல்லித்தர மாட்டேன்."

"அப்படின்னா கை வளர்ற வரைக்கும் கிளாஸே வேணாம்! வா, போலாம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க அவனுக்குத் தெரிந்தால்தானே! வயலின் அலமாரி மேல் ஏறியது. தினேஸ்வரி அழுது அடம்பிடித்திருந்தால் அவன் உருகியிருப்பான். அவள் அழவில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கிளாஸ் நாளில் உடை மாற்றிக்கொண்டு கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், பிறகு தானாகவே எழுந்து போய்விடுவாள். நவமணி கணவனிடம் உப்பு, புளி தவிர வேறு எதையும் பேசவில்லை.

ஒரு நாள் மாலை தொழிற்சாலையிலிருந்து வந்தவன் பின்பக்கம் கால் கழுவப் போனான். பின்வாசல் இரும்புக் கிரில்லில் மகள் தொங்கிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையில். முகம் சிவந்து, கண்ணை இறுக்கி மூடி, கால்கள் தரைக்கு மேல் ஆட. பக்கத்தில் கவிழ்த்த வாளி.

"ஐயோ, விழுந்துரப் போறம்மா!" ஓடிப் போய் அள்ளிக்கொண்டான். "என்னா வெளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்லப்பா." மூச்சு வாங்கியது அவளுக்கு. "தொங்குனா கை நீளமாகும்னு ஸ்கூல்ல சொன்னாங்க. எடது கை மட்டும் நீண்டா போதும்லப்பா?"

உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். குறுக்கே கம்பித் தடம் கன்றிப் போயிருந்தது. இன்று ஒரு நாளில் வந்த தடம் இல்லை அது.

"ஏம்மா இப்படி?"

"நீங்க வாங்குன வயலின் சரியா போயிரும்ல. அப்புறம் ஒங்களுக்குக் கோவம் வராது."

பெற்ற வயிறு மட்டுமா எரியும்? சுகுமாரன் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதான். சத்தம் கேட்டு ஓடி வந்த நவமணி, திட்டுவதற்கு வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிவிட்டு மகளின் கையில் எண்ணெய் தடவினாள்.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனான்.

"தம்பி, அந்தச் சின்னது ஒண்ணு..." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சேவாவுக்கு."

கால்வின் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. நல்ல வளர்ப்பு. அரை சைஸ் வயலினைக் கொண்டுவந்து தினேஸ்வரியின் தோளில் வைத்தான். தாடை படும் இடத்தில் அதன் மெருகு தேய்ந்திருந்தது. எத்தனை பிள்ளைகள் வாசித்ததோ! அவள் கையை நீட்டினாள். விரல்கள் நுனிச் சுருளைச் சுற்றி அடக்கமாக மூடிக்கொண்டன. "எட்டுதுப்பா!" என்று கத்தினாள், கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க. இந்த முறை 'கிட்டத்தட்ட' இல்லை.

வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள். ஜெலாப்பாங் திருப்பத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

"அப்பா, இத எப்ப திருப்பிக் குடுக்கணும்?"

"ஒனக்குப் பத்தாம போறப்பம்மா. நீ பெருசா வளந்ததும்."

அவள் பெட்டியை ஒரு முறை தடவிக்கொடுத்தாள். பிறகு தகப்பனுக்கு ஆறுதல் சொல்கிற குரலில், "நான் சீக்கிரமா வளந்துர்றேன்பா" என்றாள்.

சுகுமாரன் வண்டியை ஓரங்கட்டினான். பக்கத்து இருக்கையில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

"வேணாம்மா. நீ மெதுவாவே வளரு. அப்பா வாடக கட்டுறேன்."