ஆய்வகம் பேசாது

1

இது முதலில் கதையாக இல்லை. ஒரு பத்திரிகைக்காரர் கட்டுரை கேட்டார். 'இந்த வேலைக்கு நான் தகுதியில்லை, ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்' என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பவர்கள் அந்தப் பயத்தை வெல்வது எப்படி? வழிகள் ஐந்து, எளிமையாக, ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி. எழுத உட்கார்ந்தேன்.

முதல் வழி: செய்து முடித்தவற்றை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம் வழி: நெருங்கியவர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

மூன்றாம் வழி: [அந்த நெருங்கியவர் இறந்துபோயிருந்தால்]

அங்கே நின்றுவிட்டது. பத்திரிகைக்காரருக்கு மன்னிப்புச் சொல்லிவிட்டேன். கதையென்றால் வழி சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆள் இருந்தால் போதும்.

2

[மழை பெய்துகொண்டிருந்தது.]

எல்லோர் கதையிலும் பெய்கிறது. ஆனால் எனக்கும் மழை தேவைப்படும், ஆற்றைக் கலக்க. உள்ளே வைத்துக்கொள்கிறேன். முதல் வரியில் வேண்டாம்.

[நான் ஒரு குடிநீர் நிலையத்தில்]

'நான்' வேண்டாம். அவன்.

அவன் குடிநீர் நிலையத்தில் ஆய்வாளர். ஆற்றுத் தண்ணீர் மணல் வடிகட்டிகளில் இறங்கித் தெளிந்து ஊருக்குப் போகிறது. போகும் முன் அதைக் குப்பியில் பிடித்துச் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று சொல்வது அவன் வேலை. அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் அவன் மனைவி. பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுப்பது அந்த நிலையத்தின் வழக்கம். அவன் வேதியியல் படித்தவன். அதுவரை ஒரு பெயின்ட் கம்பெனியில் நிறம் சேர்த்துக்கொண்டிருந்தான். தேர்வு வைத்தார்கள், தேறினான். பயிற்சி கொடுத்தார்கள், முடித்தான்.

ஆய்வகத்தில் அவனுக்குப் பெயர் 'மாப்பிள்ளை'. ஆய்வகத்துக்கு அவள் வீட்டுப் பெண். இவன் அவளைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவன். அந்தக் கேலியில் பாதிக்குமேல் பாசம்தான். அவன் காதில் மீதிதான் விழுந்தது.

3

கட்டுரைக்கு யோசித்ததில் ஒன்றை இங்கே நுழைத்துவிடுகிறேன். வீணாக வேண்டாம்.

இந்தப் பயம் முட்டாள்தனம் இல்லை. அது கெட்டிக்கார வக்கீல். தேர்வில் தேறினானா? பாவம் பார்த்து மார்க் போட்டிருப்பார்கள். சோதனை முடிவு சரியாக வந்ததா? கருவி நல்ல கருவி. தப்பாக வந்ததா? பார்த்தாயா, அதுதான் நீ. எந்தச் சாட்சி கூண்டில் ஏறினாலும் வக்கீல் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். அதனால் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டே போய் இந்த வழக்கை ஜெயிக்க முடியாது. என் முதல் வழி அங்கேயே செத்தது.

அவனும் சாட்சி சேர்க்கிறவன்தான். எதையும் திரும்பத் திரும்பச் சோதிப்பான். பக்கத்து மேசையில் கிருமிப் பரிசோதனை பார்க்கும் அம்மாளை எல்லோரும் 'கிருமி அக்கா' என்பார்கள். அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாப்ள, அந்தக் குப்பிய இன்னும் எத்தனை தரம் கழுவப் போற? தேஞ்சு ஓட்டையாகிடும்."

"ஒரே ஒரு தரம்க்கா."

"தண்ணியவிட நீதான்டா அதிகம் கலங்கிக் கிடக்குற."

["உம் பொண்டாட்டியும் புதுசுல இப்படித்தான். 'அக்கா, நான் ஏதோ தெரியாம பாஸாகிட்டேன்'னு அழுவா."] *

* இதை அடித்துவிட்டேன். வசதியான வசனம். இறந்தவர்களைச் சாட்சிக்கு இழுப்பது சுலபம், குறுக்கு விசாரணை கிடையாது. உண்மையில் அவளுக்கு அந்தப் பயம் இருந்ததேயில்லை. கத்திரிக்காய் முற்றல் என்று அவள் சொன்னால் கடைக்காரரே திருப்பிப் பார்ப்பார். இவனுக்கு அவளிடமிருந்து இரவல் வாங்க ஒன்றும் இல்லை. இந்தக் கதையை அவன் தனியாகத்தான் முடிக்க வேண்டும்.

4

நிலையத்தில் ஒரு விதி. தண்ணீரைத் திறக்கச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஊருக்குப் போகும் பெரிய வால்வை மூடச் சொல்ல, பணியில் இருக்கும் ஆய்வாளர் ஒருவருக்குத்தான் அதிகாரம். எழுதுவதெல்லாம் பிறகு. முதலில் இன்டர்காமில் தன் வாயால், பதவியைச் சொல்லி, மூடு என்று சொல்ல வேண்டும்.

அவன் தினமும் வால்வுக்காரரிடம் அளவுகளைச் சொல்லக் கூப்பிடுவான். தினமும் இதே கூத்து.

"வணக்கம், ஆய்வகத்துலேருந்து பேசுறேன்."

"ஆய்வகம் பேசாதுங்களே. அதுக்கு வாய் கிடையாது. யாரு பேசுறது?"

"நான்தாங்க."

"நான்தான்னா?"

"மாப்பிள்ளைதாங்க."

"ஆங், அப்படிச் சொல்லுங்க."

'ஆய்வாளர் பேசுறேன்' என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சொல் அவன் மனைவியின் குரலில்தான் அந்தக் கம்பிக்குள் இருந்தது.

5

இப்போது மழை.

மேலே எங்கோ இரவெல்லாம் கொட்டி, காலையில் ஆறு தேநீர் நிறத்தில் வந்தது. வடிகட்டி தாண்டிய தண்ணீரை அவன் குப்பியில் பிடித்தான். கருவியில் வைத்தான். கலங்கல் அளவு மீறியிருந்தது. குப்பியைக் கழுவிப் பார்த்தான். வேறு குப்பியில் பார்த்தான். புதிதாகப் பிடித்து வந்து பார்த்தான். மாறவில்லை.

பொறியாளரைக் கூப்பிட்டான். அவர் வந்ததும் சுவரில் இருந்த திரையைத்தான் பார்த்தார். குழாயிலேயே பொருத்திய கலங்கல் மீட்டரின் அளவு அதில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் பச்சை.

"மீட்டர் நல்லாத்தானே காட்டுது?"

"குப்பியில கலங்கலா இருக்கு சார்."

"குப்பிய மாத்திப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"சரி, சாம்பிள வெளி ஆய்வகத்துக்கு அனுப்புங்க. மத்தியானம் முடிவு வரட்டும், பேசிக்கலாம்."

"அதுவரைக்கும் ஊரு குடிக்குமே சார்."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. [கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக முடியும்.] ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தண்ணீர் நின்றால் தொலைபேசிகள் அவர் மேசையில்தான் அலறும்.

"பாருங்க, மீட்டர் அஞ்சாறு வருஷமா ஓடுது. நீங்க நேத்து வந்தவரு. நான் எத நம்பட்டும்? சும்மா மூடி ஊரக் காயப் போட்டீங்கன்னா, பாவம்னு ஆளெடுத்தா இப்படித்தான் ஆகும்னு மேல சொல்லுவாங்க. நான் பதில் சொல்லணும்."

கிருமி அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் இத்தனை நாள் பயந்தது இந்த வாக்கியத்துக்குத்தான். ஒவ்வொரு முகத்திலும் இதைப் படித்து, ஒவ்வொரு சிரிப்புக்குப் பின்னாலும் இதைத் தேடி, கடைசியில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அவன் அதைச் சாம்பிளைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். உள்ளே அவன் இருந்தான், அவன் மனைவியின் சாவு இருந்தது, மேலதிகாரிகள் இருந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"பாவம் பாத்தே எடுத்திருக்கலாம் சார்," என்றான். "தண்ணி கலங்கல்தான்."

6

இங்கே ஓர் ஆசை வருகிறது. ஆய்வகக் கதவுக்குப் பின்னால் அவளுடைய வெள்ளைக் கோட்டு இன்னும் தொங்குகிறது. யாரும் எடுக்கவில்லை. அவன் தன்னுடையதைப் பக்கத்து ஆணியில் மாட்டுவான். இப்போது அவன் போய் அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்டர்காமுக்கு நடந்தால் அழகாக இருக்கும். படிக்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் அது அவனுக்குத் தோளில் ஏறாது. [போட்டுப் பார்த்]

அவன் தன் கோட்டோடு நடந்தான். பொத்தானை அழுத்தினான்.

"வணக்கம்," என்றது வால்வு அறை. "யாரு, ஆய்வகமா?"

"ஆய்வாளர் பேசுறேன்."

அவன் பொத்தானை விடவில்லை.

"ஊர் வால்வ மூடுங்க."

"...மாப்பிள்ளையா?"

"ஆமா. ஆய்வாளர். மூடுங்க."

"மூடுறேங்க," என்றார் வால்வுக்காரர். இந்தத் தடவை கேலி இல்லை.

7

முடிவுகள் கைவசம் இரண்டு இருக்கின்றன.

[அ. மத்தியானம் வெளி ஆய்வகத்து முடிவு வருகிறது. அவன் சொன்னது சரி. குழாய் மீட்டரின் கண்ணில் பாசி படிந்திருந்தது. பொறியாளர் அவன் கையைப் பிடித்து]

[ஆ. முடிவு வருகிறது. தண்ணீரில் குறையில்லை. அவனுடைய கருவியில்தான் கோளாறு. ஊர் சும்மா காய்ந்தது. அவன் தலைகுனிந்து]

இரண்டையும் முழுசாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அந்த வக்கீல் உட்கார்ந்திருக்கிறது. முதலாவதில் 'குருட்டு அதிர்ஷ்டம்' என்கிறது. இரண்டாவதில் 'நான் சொல்லவில்லையா' என்கிறது. நீங்களும்தான் காத்திருக்கிறீர்கள், முடிவு வந்த பிறகு அவன் ஆய்வாளரா இல்லையா என்று தீர்மானிக்கலாம் என்று. அதைத்தானே அவனும் இவ்வளவு நாள் செய்துகொண்டிருந்தான்? கண்ணால் கண்டதைச் சோதித்து, சோதித்ததைச் சொல்லி, சொன்னதன் பக்கத்தில் நிற்பவன் ஆய்வாளர். தப்பாகப் போனால் ஏன் போனது என்று பார்ப்பவனும் ஆய்வாளர்தான். மத்தியானத்துக்கு அதில் வேலை இல்லை. ஆகவே முடிவைத் தரமாட்டேன்.

என் கதை தேறுமா என்று முதலில் படித்துச் சொல்கிறவள் இப்போது உயிரோடு இல்லை. வேறு யாராவது சொல்லட்டும் என்று நான் காத்திருக்கப் போவதும் இல்லை.

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். அவன் வாஷ்பேசினில் கைக்குச் சோப்புப் போட்டான். ஆய்வகத்துக்கும் தண்ணீர் அந்த ஊர்க் குழாயிலிருந்துதான். நூலாக இறங்கியது, சொட்டாகியது, நின்றது. கை நிறைய நுரையோடு நின்றான்.

"நல்லா மூடுன போ," என்றாள் கிருமி அக்கா. ஒரு பழைய துணியைத் தூக்கிப் போட்டாள்.

துடைத்துக்கொண்டு அடுத்த குப்பியை எடுத்தான்.

மத்தியானம். மேசையில் தொலைபேசி அடிக்கிறது. அவன் கையில் சாம்பிள் இருக்கிறது. பக்கத்தில் நீங்கள்தான் நிற்கிறீர்கள், எடுங்கள். யார் பேசுவது என்று முதலில் சொல்லுங்கள்.