வராத பிள்ளைக்கு வருகை

மதிவதனி டீச்சரின் வகுப்பில் யாரும் சும்மா லீவு போட்டுவிட முடியாது. காலையில் பேர் கூப்பிட்டுப் பதில் வரவில்லையென்றால், சாயங்காலம் அவளுடைய பழைய ஸ்கூட்டர் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நிற்கும். காய்ச்சலா, அப்பன் குடித்துவிட்டு அடித்தானா, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்களா என்று துருவிக் கேட்டு, அன்றைய பாடத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அவிநாசிப் பக்கத்தில் அந்த வண்டிச் சத்தம் தெரியாத நாய்கூடக் கிடையாது. அவளுடைய நடுநிலைப் பள்ளியில் ஆறு வருடமாக ஒரு பிள்ளைகூடப் பாதியில் நிற்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் போன வியாழக்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மாதம் முழுக்க ஒருவரும் விடுப்பு எடுக்காத வகுப்புக்கு ஒன்றியத்தில் கேடயம் என்று அறிவித்திருந்தார்கள். அவளுடைய எட்டாம் வகுப்புக்கு இன்னும் நாலே நாள்தான் பாக்கி. அன்று பார்த்து லோகப்பிரியாவின் இடம் காலி. முதல் பெஞ்சு, சரியான வாயாடி, கணக்கில் புலி. லீவே போடாதவள்.

"ஒரு நாள் காய்ச்சலுக்காக முப்பது புள்ளைகளோட கேடயத்த உட்டுப்போடறதுங்களா? வந்துட்டான்னு போட்டு உடுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர் ரங்கராஜ். பிள்ளைகளும் கெஞ்சின. மதிவதனி செல்போன் செயலியில் 'வருகை' என்று அழுத்திவிட்டாள்.

வந்ததாகப் போட்ட பிள்ளையைத் தேடிக்கொண்டு எந்த முகத்தோடு போவது? நாளைக்கு வந்துவிடுவாள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வரவில்லை. திங்களும் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் தினமும் அழுத்தினாள்.

செவ்வாய்க்கிழமையும் அழுத்தியாயிற்று. மத்தியானம் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்க லோகப்பிரியாவுக்கு நாளைக்குக் காலைல பவானில கல்யாணம், தாய்மாமன்தான் மாப்பிள்ளைன்னு ஒரு புகாருங்க. அவங்கப்பா ஆறுச்சாமியக் கேட்டா, புள்ள தெனமும் ஸ்கூலுக்குப் போயிட்டுத்தான் இருக்குது, வேண்டாதவங்க கெளப்பி உட்டதுங்கறாரு. உங்க பதிவுலயும் இன்னைக்கு வரைக்கும் வந்திருக்கா. பொய்ப் புகார்னு முடிச்சுரலாங்களா?"

பதிமூன்று வயசு.

பக்கத்தில் நின்ற ரங்கராஜ் விஷயம் புரிந்து வியர்த்துப்போனார். "ஆமான்னு சொல்லிப்போடுங்க டீச்சர்" என்று காதோரம் கிசுகிசுத்தார். "சாயங்காலம் நாமளே போய்ப் பேசி நிறுத்திக்கலாம். உண்மையச் சொன்னா உங்க வேலை போயிருமுங்க. எனக்கும் சேர்த்துத்தான்."

பேசி நிறுத்துகிற ஆளா ஆறுச்சாமி? அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"அவ வர்லீங்க மேடம். நாலு நாளா வர்லீங்க. நான்தான் பொய்யாப் போட்டுட்டேன். எழுதியே தாரேனுங்க, சீக்கிரம் வாங்க."

நாலு மணிக்கு அலுவலக ஜீப், தறிக்குடோனை ஒட்டி வரிசையாக இருந்த லைன் வீடுகளில் ஆறுச்சாமியின் வீட்டு முன்னால் நின்றது. கூடவே போலீஸ், மதிவதனியும். ஆறுச்சாமி குதித்தார். "வந்துச்சுன்னு போட்டதும் நீங்க, வர்லீன்னு சொல்றதும் நீங்களாங்க?" என்று மதிவதனியைப் பார்த்துக் கத்தினார். அதிகாரிகள் அவரிடம் கையெழுத்து வாங்கிக் கல்யாணத்தை நிறுத்தினார்கள். காப்பகத்துக்கு அழைத்துப் போகப் பிள்ளையின் துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

உள்ளே சன்னலோரம் லோகப்பிரியா புதுக் கண்ணாடி வளையலோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மதிவதனி பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"வியாழக்கெழம என்னைய உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டாங்க டீச்சர்" என்றாள் பிள்ளை. "எனக்குப் பயமே இல்லீங்க. சாயங்காலம் உங்க வண்டி வந்துரும்னு இந்தச் சன்னல்லயே நின்னுட்டிருந்தனுங்க."

கையிலிருந்த வளையலை உருட்டினாள்.

"வெள்ளிக்கெழமையும் நின்னனுங்க."