வெள்ளிக்கிழமை டபுள் கேஷ்பேக்

தோசைக்கல்லில் மாவை ஊற்றிய கையோடு தாமரைச்செல்வி செல்போனை எடுத்துத் திரையில் வந்த பரிசுச் சீட்டைக் கட்டைவிரலால் சுரண்ட ஆரம்பித்தாள். திரையில் பட்டாசு வெடித்தது.

"ஐயோ! பதினெட்டு ரூபா!"

"தோசை கருவுது பாரு" என்றான் அவள் கணவன் செம்மல். சேதராப்பட்டு கம்பெனிக்குப் போகிற அவசரம் அவனுக்கு.

"கருவட்டும் விடு. மாவுக் காசுதான் வந்துடுச்சே!"

அவள் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்து மேட்டுப்பாளையத்தில் சோப்பு பாக்கெட் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். கம்பெனி ஷிப்டைக் குறைத்தபோது முதல் ஆளாக அவளைத்தான் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து பூ வாங்கக்கூடப் புருஷனிடம் கையேந்த வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கினாள். அதன் வழியாகக் கரண்ட் பில், சிலிண்டர், கேபிள், ரீசார்ஜ் என்று எதைக் கட்டினாலும் கேஷ்பேக் என்று கொஞ்சம் பணம் திரும்பி வரும். முதல் மாதம் வந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சொந்தக் காசாயிற்றே!

ஆனால் ஒரு வீட்டில் எத்தனை பில்தான் இருக்கும்? தாமரையின் கண் மெல்ல அந்த முத்தியால்பேட்டைச் சந்தின் பக்கம் திரும்பியது.

"அக்கா, கரண்ட் பில் கட்ட எதுக்கு வெயில்ல போயி நிக்கற? காசை எங்கிட்ட குடு, இங்கருந்தே கட்டிடறேன். எனக்கும் பத்து காசு கெடைக்கும்" என்று அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமியிடம் கேட்டாள்.

பாக்கியலட்சுமி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள். செல்போனில் பணம் என்றாலே அவளுக்கு உதறல். "உனக்கு வர்றது உனக்கு வரட்டும் தாமரை. எனக்கு ஆட்டோ செலவு மிச்சம்" என்றாள். அவளைப் பார்த்து எதிர்வீடு, மூலைவீடு என்று வரிசையாக வந்தார்கள். ஒளிவுமறைவு இல்லை, யாருக்கும் நஷ்டமும் இல்லை. இந்த மட்டும் தாமரை செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. நேரு வீதிக் கடையில் ஒரு குக்கரைக்கூடப் பார்த்து வைத்துவிட்டு வந்தாள்.

வினை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பாக்கியலட்சுமி பணத்தை அவள் கையில் வைத்து, "போன மாசத்ததும் சேந்து கெடக்குது. ஃபீசைப் புடுங்கி கரண்டை நிறுத்திடுவோம்னு நோட்டீஸ் குடுத்துட்டாங்க. இன்னைக்கே கட்டிடு. வெள்ளிக்கெழம ஒரு வளைகாப்பு, முந்நூறு இட்லிக்கு மாவு கேட்டிருக்காங்க. இவ்ளோ பெரிய ஆர்டர் எனக்கு இதான் மொதல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் தாமரையின் செல்போன் சிணுங்கியது. 'வெள்ளிக்கிழமை கட்டும் பில்லுக்கு டபுள் கேஷ்பேக்!'

டபுளாமே! தாமரைக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள். குக்கர் கண்ணுக்குள்ளேயே விசிலடித்தது. சாயங்காலம் பாக்கியலட்சுமி சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, "கட்டிட்டியா தாமரை?" என்று கேட்டாள்.

"ஆச்சுக்கா!"

வாய் தவறி வந்த பொய்யில்லை அது. தெரிந்தே சொன்னதுதான்.

வியாழக்கிழமை காலை. பாக்கியலட்சுமி வீட்டு கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, திடுக்கென்று நின்றது. வெளியே வந்து பார்த்தால் லைன்மேன் பக்கிரி கையில் அவள் வீட்டு ஃபீஸ் கட்டை.

"அண்ணே! பணம் கட்டியாச்சுண்ணே! தாமரை, இங்க வாயேன்! நீயே சொல்லு!"

"கட்டியிருந்தா நான் ஏம்மா வரேன்? காசில்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எதுக்குப் பொய்?" என்றார் பக்கிரி. சந்தே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பாக்கியலட்சுமியின் முகம் சுண்டிப்போனது.

தாமரை ஓடிவந்தாள். "சர்வர்... சர்வர் ப்ராப்ளமா இருக்கும்" என்றாள்.

பாக்கியலட்சுமிக்கு உயிர் வந்தது. "கேட்டியாண்ணே? என்னைய என்னா வேணா சொல்லு. தாமரைய மட்டும் சந்தேகப்படாத. அது கையில காசு குடுத்தா உண்டியல்ல போட்ட மாதிரி!"

அவள் நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாமரை தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"இல்லண்ணே, அக்கா பொய் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன். நான் கட்டவே இல்ல. நாளைக்கு டபுளா கெடைக்கும்னு காசை வச்சிக்கிட்டேன்."

பக்கிரி தலையில் அடித்துக்கொண்டார். "இப்ப கட்டினாலும் உடனே குடுக்க முடியாதும்மா. ஆபீஸ்ல போயி திரும்பக் குடுக்கறதுக்கும் பணம் கட்டணும். சாயங்காலம் ஆயிடும்."

சாயங்காலம் வரை காத்திருந்தால் மாவு எப்போது அரைபடும், எப்போது பொங்கும்? தாமரை அதற்கு மேல் நிற்கவில்லை. அங்கேயே பில்லைக் கட்டினாள். வேலைக்குக் கிளம்பிய செம்மல் கையில், அதுவரை சேர்ந்த கேஷ்பேக் பணத்தை எடுத்துக் கொடுத்து, "மின்துறை ஆபீஸ் போயிட்டு அப்புறம் போ" என்று விரட்டினாள். குக்கர் போனால் போகட்டும்! ஊறின அரிசிக் குண்டானைத் தன் வீட்டுக்குத் தானே இழுத்து வந்தாள். எதிர்வீட்டுக்காரி உளுந்தைத் தூக்கினாள், மூலைவீட்டுக்காரி கிரைண்டரில் ஒரு பக்கம் பிடித்தாள். தாமரை வீட்டு அடுப்படி கல்யாண வீடாயிற்று. மத்தியானத்துக்குள் மாவு அத்தனையும் அரைத்து முடித்தார்கள்.

பாக்கியலட்சுமி கையில் ஒட்டிய மாவை வழித்துக்கொண்டே கேட்டாள்.

"கூட எவ்ளோ கெடைச்சிருக்கும் உனக்கு?"

"நாப்பது ரூபாக்கா."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே தாமரை."

தாமரை பொலபொலவென்று அழுதுவிட்டாள். பாக்கியலட்சுமி கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு முந்தானையிலிருந்து தன் செல்போனை உருவி அவள் முன்னால் நீட்டினாள். "அழுதது போதும். எப்படிக் கட்டறதுன்னு எனக்குச் சொல்லிக்குடு. இனிமே என் பில்லை நானே கட்டிக்கறேன்."

மறுநாள் முந்நூறு இட்லியும் பூவாக வெந்ததாக வளைகாப்பு வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அடுத்த மாதம் பாக்கியலட்சுமி தன் பில்லைத் தானே கட்டி, திரையைச் சுரண்டிவிட்டுப் போட்ட கூச்சலில் சந்தே வெளியே ஓடிவந்தது.

"தாமரை! ஏழு ரூபாடி! ஏழு ரூபா!"

எல்லோரும் சிரித்தார்கள். மூலைவீட்டுக்காரி மட்டும் பணத்தோடு தயங்கி நின்றாள். "எனக்கு இதெல்லாம் வராதும்மா. நீயே கட்டேன்."

"கட்டறேன்க்கா. ஆனா நீ இங்க நிக்கறப்பவே கட்டுவேன், மெசேஜைப் பாத்துட்டுப் போ" என்றாள் தாமரை. "கேஷ்பேக் வாங்கறது தப்பில்ல. நம்பிக் குடுத்த காசைக் கையில வச்சிக்கிட்டு அதுல லாபம் பாக்கக் காத்திருந்தோம் பாரு, நாப்பது ரூபான்னாலும் அது திருட்டுதான்."