நனையாத பதினேழாம் அட்டை

என் பெயரைக் கல்லில் வெட்ட இன்னும் எழுபத்தொரு மணி நேரம் இருந்தது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. தேரடித் தெருவில் கற்பூரக் கடைக்கு மேல்மாடியில் வலம்வரும் அடியார் சபை இருக்கிறது. அதன் படிகளில் ஒரு விண்ணப்பத்தோடு நின்றிருந்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு, கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் கல் வெட்டும் விழா. இத்தனை இடம் இருக்க, அடி அண்ணாமலையில்.

சபையை விட்டு விலகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. விலகினேன் என்றால், வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினேன். அடுத்த நிமிடமே செயலாளர் பலராமன் சார் என்னைத் திரும்பச் சேர்த்தார். மறுபடி வெளியேறினேன். 'கவிநிலாவுக்கு நெட்வொர்க் பிரச்சினை' என்று குழுவில் எழுதினாராம்.

நேரில் பேச எனக்கு வராது. அதனால்தான் விண்ணப்பம்.

'பொருள்: சபையிலிருந்து விலகிய எனது பதிவுகளைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.'

மூன்று கேட்டிருந்தேன். என் முப்பத்தாறு கிரிவல அட்டைகள். ஆதார் நகலும் புகைப்படமும். பேரேட்டில் என் பக்கத்தில் ஒரு திருத்தம்.

அட்டை என்பது இதுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சபை ஆளுக்கொரு அட்டை தரும். மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களிடமும் சபை ஆள் ஒருவர் முத்திரையோடு உட்கார்ந்திருப்பார். நடந்து வந்து நீட்டினால் ஊதா மையில் ஒரு குத்து. அந்த எட்டுப் பேருக்கும் வழியில் வருகிறவர்களுக்கும் சாப்பாடு கொண்டுபோகிற சபை வேன் மட்டும் நம்மைத் தாண்டிப் போகும். எட்டுக் குத்தும் விழுந்த அட்டையைச் சபையிடம் கொடுத்துவிட வேண்டும். இப்படி முப்பத்தாறு பௌர்ணமி விடாமல் முடித்தவர் பெயர் கல்லில் ஏறும். இதுவரை முடித்தது ஒருவர். நான்.

அந்த முப்பத்தாறில் ஒன்று தவறு. எது, ஏன் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

வேங்கிக்காலில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு தனியார் லேபில் வேலை செய்கிறேன். தவறாக எழுதிய அளவை அங்கே அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். நான் சபையிடம் கேட்டது அந்த ஒரு கோடுதான்.

பலராமன் சார் விண்ணப்பத்தை உரக்கப் படித்தார். எதையும் உரக்கத்தான் படிப்பார். லாட்ஜ் நடத்துகிறவர். மாடியிலிருந்து கீழே ரூம் பாயிடம் பேசிப் பேசி வந்த குரல்.

"பேரேட்டுல திருத்தமா? இன்னாம்மா திருத்தணும்?"

"முப்பத்தாறுன்னு இருக்கு சார். முப்பத்தஞ்சுனு..."

"கம்மி பண்ணணுமா?"

"ஆமா சார்."

விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபது வருசமா இந்த சபைல இருக்கேன். ஏத்திப் போடுங்கனு வராதவன் கெடையாது. நடக்காதவன்லாம் நடந்தேன்னுவான். கொறச்சிப் போடுங்கனு வந்த மொத ஆளு நீதாம்மா."

"இல்ல சார், அது வந்து..."

"பேசாத. எனக்குப் புரியுது. உனக்கு தன்னடக்கம் ஜாஸ்தி."

நான் படி இறங்குவதற்குள் விண்ணப்பத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தார். அன்று மாலைக்குள் நூற்றுப்பதினான்கு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு இரண்டாவது விண்ணப்பத்தோடு போனேன். நாற்பது மணி நேரம் இருந்தது. இந்த முறை தெளிவாக எழுதியிருந்தேன். 'என் பெயரைக் கல்லில் பொறிக்க எனக்குச் சம்மதம் இல்லை. என் அட்டைகள் அனைத்தையும், குறிப்பாகப் பதினேழாவது அட்டையை, உடனே திருப்பித் தரவும்.'

"பதினேழா?" என்றார் பலராமன் சார். "அதத் தவிர எது வேணா கேளு."

ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தைந்து. ஆதார் நகலும் புகைப்படமும் கூட இருந்தன. புகைப்படத்தில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

"உள்ள வாம்மா."

உள்ளே பூஜை அறை. சாமி படங்களுக்கு நடுவில் புதிதாக ஒரு சின்ன கண்ணாடிச் சட்டம். சாமந்தி மாலை. சட்டத்துக்குள் என் பதினேழாம் அட்டை.

அது ஐப்பசிப் பௌர்ணமி. கூட்டம் அடி அண்ணாமலைக்கு வந்தபோது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. எல்லோர் அட்டையிலும் மை கரைந்து ஊதாத் தண்ணீராக ஓடியது. கடைசி மூன்று முத்திரை ஒருவருக்கும் தெரியவில்லை. முத்திரை அழிந்தவர்களுக்கு அந்த மாதம் கணக்கில் சேராது என்று பொதுக்குழுவில் பேசி முடிவு செய்தார்கள். எட்டு முத்திரையும் தெளிவாக இருந்தது என் அட்டையில் மட்டும். அப்போது யாரும் கவனிக்கவில்லை. பத்து நாளுக்கு முன் முப்பத்தாறையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தார்கள். அன்றைக்குத்தான் நான் குழுவிலிருந்து வெளியேறினேன்.

"ஒரு சொட்டு படல பாரு," என்றார் பலராமன் சார், இந்த ஒரு முறை மெல்லிய குரலில். "மூலைல பாத்தியா?"

அட்டையின் கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை.

"உண்ணாமுல அம்மனோட மஞ்சள். அவ கை பட்டிருக்கு."

மஞ்சளா என்று பார்க்க ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். சிவந்துவிடும். நான் அந்தச் சோதனையைக் கேட்கவில்லை. மஞ்சள்தான். அதில் சந்தேகம் இல்லை.

ஒரு அம்மா உள்ளே வந்தார். சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளும்மா, மறைக்காத" என்றார். தள்ளி நின்றேன்.

அந்தக் கணம் சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. பதினேழு மணி நேரம். மூன்றாவது விண்ணப்பம் பையில் இருந்தது. சபைக்குப் போகிற வழியில் சந்திரம்மாள் அக்கா பிடித்துக்கொண்டார். அவர் தேரடித் தெருவில் ஜாக்கெட் தைப்பவர். என்னோடு ஒரே ஆனி மாதத்தில் கிரிவலத்தைத் தொடங்கி, வலது முட்டியில் பச்சைக் காப்புறை மாட்டிக்கொண்டு எல்லாப் பௌர்ணமியும் நடந்தவர். முட்டிக்குத் தக்கபடி மெதுவாக வருவார். ஆனால் வருவார்.

"இன்னாடி, கல்லுல ஏறப் போறவ. மெஷினை விட்டு எறங்கி வந்து பாத்தாதான் ஆப்புடறே."

"அப்டிலாம் இல்லக்கா."

"ஜாக்கெட் தெச்சிருக்கேன், நாளைக்குப் போட்டுக்கினு வா. அளவு இல்லாமயே தெச்சேன். முப்பத்தாறு மாசமா பின்னால இருந்து உன் முதுகதான பாத்துக்கினு வரேன்."

அட்டைகளைப் பற்றிக் கேட்டேன். எனக்கு அந்தக் கணக்கு தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"எனக்கு முப்பத்தஞ்சுதான். அந்த மழை மாசம் கார்டு கஞ்சியாப் போச்சி. நடந்தேன் சார், முட்டி பாரு சார்னு பலராமன் சார்கிட்ட காட்டினேன். முத்திர தெரியலையேம்மான்னாரு. ரூல்னா ரூல்தான். விடு."

அவர் 'விடு' என்று சொல்லிவிட்டு விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுடி. நீ மட்டும் எப்டி நனையாம வெச்சிருந்தே? சாமி செஞ்சிச்சினு எல்லாம் சொல்றாங்க. சாமி செஞ்சிருந்தா எனக்கும் செஞ்சிருக்குமே. நீ படிச்ச பொண்ணு, எதுனா யோசன பண்ணியிருப்பே. பிளாஸ்டிக் கவரா?"

நான் தலையை அசைத்தேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஓர் அசைவு. வகுப்பில் ஆசிரியர் புரிந்ததா என்று கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் அசைத்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன்.

"அதான பாத்தேன்!" என்றார் அக்கா.

மூன்றாவது விண்ணப்பத்தைப் பலராமன் சார் படிக்கவே இல்லை. வாங்கி, மற்ற இரண்டோடு சேர்த்துத் துளை போட்டு ஒரு கோப்பில் கட்டினார். கோப்பின் மேல் என் பெயர் எழுதியிருந்தது. பதிவுகளைத் திரும்பக் கேட்கப் போய்ப் புதிதாக ஒரு கோப்பு உண்டாக்கிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்கால். அடி அண்ணாமலையில் பாதை ஓரமாகத் துணிப்பந்தல். நடுவில் மெருகேற்றிய கருங்கல். அதில் மஞ்சள் சாக்பீஸால் என் பெயர். சிற்பி முருகவேல் உளிகளைச் சாக்கின் மேல் வரிசையாக வைத்திருந்தார். பந்தலுக்குப் பின்னால் சபை வேன். பின்கதவு திறந்திருந்தது. புளியோதரை வாசனை வந்தது. வேன் ஓட்டும் காசி அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கரண்டியைப் பார்த்தார்.

அக்கா தைத்த ஜாக்கெட் அச்சாகப் பொருந்தியிருந்தது. அதுவே ஒரு தண்டனை போல இருந்தது.

பலராமன் சாருக்கு மைக் தேவையில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டார். மூன்று விண்ணப்பங்களையும் வரிசையாகப் படித்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். மூன்றாவதற்குச் சிலர் எழுந்து நின்றார்கள். பதினேழாம் அட்டையைச் சட்டத்தோடு உயர்த்திக் காட்டினார். வெயிலில் மஞ்சள் கறை பளிச்சென்று தெரிந்தது.

அப்போது சந்திரம்மாள் அக்கா ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றார்.

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. ஜிப் வெச்ச கவர். எரநூறு இருக்கு. இனிமே மழைல யாருக்கும் முத்திர அழியக் கூடாது. என்ன மாதிரி ஒண்ணு கொறஞ்சி நிக்கக் கூடாது. யோசன என்னுது இல்ல, நம்ம கவிநிலாவுது."

கைதட்டினார்கள். கவர்கள் கைமாறின. ஒன்று என்னிடமும் வந்தது. காலியாக, சுத்தமாக இருந்தது.

முருகவேல் உளியைக் 'க'வின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேரு ஒரு தபா பாத்துக்கம்மா. கரெக்டா? வெட்டிட்டா அப்பறம் கோடு போட்டு அடிக்க முடியாது."

லேபில் போட முடிகிற அந்த ஒரு கோட்டுக்குக் கல்லில் இடமில்லை. நான் பலராமன் சாரிடம் கையை நீட்டினேன். ஏற்புரை என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார். அது நான் நினைத்ததைவிட கனமாக இருந்தது.

"சந்திரம்மாள் அக்கா முப்பத்தாறும் நடந்தாங்க," என்றேன். என் குரல் பந்தலின் நான்கு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது. "அவங்க பேர வெட்டுங்க. நான் முப்பத்தஞ்சுதான்."

"பாத்தீங்களா!" என்றார் பலராமன் சார். "இப்பவும் பாருங்க, தன்னடக்கத்த!"

"தன்னடக்கம் இல்ல சார்."

"பின்ன?"

அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு அக்காவின் பச்சைக் காப்புறையை மட்டும் பார்த்தேன்.

"மழை புடிச்சதும் இங்கயே, இதே எடத்துல, நம்ம சாப்பாட்டு வேன்ல ஏறிட்டேன் சார். கடைசி மூணு லிங்கத்துக்கும் நடக்கல, வேன் நின்னப்போ முத்திர மட்டும் வாங்கினேன். புளியோதரை அண்டா மேல உக்காந்துதான் வந்தேன்."